கதைக்கு ‘ம்’ சொல்ல ஓர் ஆள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், 1998 உயர்தரப் பிரிவைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது 1997இல், தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில். மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் மறந்து விழித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த எங்கள் தமிழ் ரீச்சர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அடுத்த சொல்லை எடுத்துத் தந்தா. அந்தச் சொல்லோடு மிச்சப் பேச்சு முழுவதும் வந்துவிட்டது. பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் கேட்பவர் முகம் பேசுபவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் அறிந்தேன். இன்று நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான்.

விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, ‘மெய்நிகர் தொழில்நுட்பமும் செயற்கை நுண்ணறிவும்: வாய்மொழிக் கதைமரபின் மறுமலர்ச்சி’. தலைப்பைக் கேட்டவுடன் என் அம்மா, “இவ்வளவு நீளத்துக்கு ஒரு கதையே சொல்லி முடிக்கலாமே” என்றா. நான் இருபத்தைந்து வருடமாகக் கணினித்துறையில் வேலை செய்பவள். இந்தத் தொழில்நுட்பங்களைப் புகழ்ந்து பேசுவது எனக்குச் சுலபம். ஆனால் என் வீட்டுக் கதையொன்றை அவற்றிடம் கொடுத்துப் பார்த்த பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை. திட்டிப் பேசவும் மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை என்பது என் வயதுக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. அதுதான் எங்கள் வீட்டு வெளிச்சம், அதிலேதான் படிப்பு. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிக்கவேண்டும். டைனமோவிலிருந்து ஒரு வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும்.

ரொறன்ரோவில் இருந்த என் பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ்க் கதை தெரியாமல் போய்விடும் என்று அம்மம்மாவுக்குக் கவலை. 1993 ஆடி மாதம் தொடங்கி, பின்னேரங்களில் அம்மம்மா தலைவாசலில் இருந்து கதை சொல்ல, நான் மிதிக்க, கசெற்றில் பதிந்தோம். கிளாலி கடந்து கொழும்புக்குப் போகிற யாரிடமாவது அந்தக் கசெற்றுகள் கொடுத்துவிடப்படும். போய்ச் சேர்ந்ததோ என்று அறிய மாதக்கணக்காகும். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்த வீட்டின் மின்நிலையம் நான்தான்.

பெரியம்மா அவற்றை ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்திருந்தா. 2019இல் அவ இங்கே வந்தபோது அந்தத் தகரத்தை என் கையில் தந்தா. பதினொரு கசெற். இரண்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்று அறுந்திருந்தது. நல்லவற்றைப் பென்சில் விட்டுச் சுற்றி இறுக்கி, ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றினேன். மிதித்து நான் களைத்த இடங்களில் றெக்கோடர் மெதுவாக ஓடியிருக்கிறது. அதை இன்று சரியான வேகத்தில் ஓடவிட்டால் அங்கெல்லாம் அம்மம்மாவின் குரல் கீச்சென்று சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும். ஓரிடத்தில் அவவே, “மோனை, கால் ஓய்ஞ்சு போச்சோ? கதை நொண்டுதடி” என்கிறா.

அந்தக் கசெற்றுகளில் ஒரே கதை மூன்று தடவை வருகிறது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கொழுக்கட்டைக் கதைதான். விருந்துக்குப் போன இடத்தில் கொழுக்கட்டை சாப்பிட்ட ஒருவன், பெயர் மறந்துபோகாமல் இருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். வழியில் ஒரு பள்ளம். ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லிப் பாய்கிறான். பாய்ந்த பாய்ச்சலில் கொழுக்கட்டை போய்விடுகிறது, அத்திரிபாச்சாதான் வாயில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான். அவளுக்கு விளங்கவில்லை. கோபத்தில் அடித்துவிடுகிறான். ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, “ஐயோ, நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே” என்கிறாள். “அதுதான், அதுதான் எனக்கு வேணும்” என்று அவன் குதிக்கிறான்.

முதல் கசெற்றில் அவன் பாய்வது வழுக்கையாற்றை. மாரியில் மட்டும் ஓடுகிற எங்கள் ஒரே ஆறு. ஆறென்று சொன்னால் மற்ற ஊர்க்காரர் சிரிப்பார்கள், பள்ளமென்றால் நாங்கள் கோபிப்போம். இரண்டாவது கசெற் ரொறன்ரோப் பிள்ளைகளின் கடிதம் வந்த பிறகு பதிந்தது. அதில் அவன் பாய்வது பனிக்குவியலை. பனியைக் கண்ணால் கண்டிராத அம்மம்மா, அது உப்பளத்து உப்புமாதிரிக் குவிந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறா. மூன்றாவது கசெற்றில் முடிவே வேறு. அங்கே அடிப்பவள் மனைவி. அகப்பைக் காம்பால் ஒன்று போடுகிறாள். வீங்குவது அவன் நெற்றி. அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன்.

கதைசொல்லிகள் ஒரே கதையை ஒரேமாதிரிச் சொல்வதில்லை என்பது உலகம் முழுவதும் கண்ட உண்மை. மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிந்தார். எழுத வாசிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்பவர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட காவியமொன்றைச் சொன்னார். பரியின் மாணவர் அல்பேட் லோட் 1960இல் எழுதிய நூலில் இதை விளக்குகிறார். பாடகர்கள் தாங்கள் சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகவே நம்பினார்கள். பதிவுகளை ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் பாட்டு புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. பழகிய தொடர்கள், பழகிய காட்சிகள் கையில் இருக்கும். அவற்றை அந்த இரவுக்கு ஏற்றபடி கோத்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டால் இங்கே கணினி படிக்கும் பிள்ளைகள், “அப்படியென்றால் செயற்கை நுண்ணறிவும் அதைத்தானே செய்கிறது” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெருந்தொகையான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அதுவும் பழகிய தொடர்களைக் கோக்கிறது. ஆகவே அறுந்துபோன கசெற்றில் பாதியில் நின்ற கதைகளை அதைக்கொண்டு முடித்துவிடலாம் என்று எண்ணினேன்.

முதலில் ஒலியைத் துப்புரவாக்கினேன். பேச்சைத் தனியே பிரித்து மற்றச் சத்தங்களை நீக்கும் மென்பொருள்கள் இப்போது மிக நன்றாக வேலை செய்கின்றன. டைனமோ இரைச்சல் போனது. சேவல் போனது. தூரத்தில் கேட்ட ஷெல் சத்தமும் போனது. அதற்காக நான் அழவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு போக ஏதோ குறைந்தது. பிறகுதான் விளங்கியது, எங்கள் ‘ம்’ போய்விட்டது.

கதை கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்டவேண்டும். இது எங்கள் வீடுகளில் சட்டம். “ம் சொல்லாட்டிக் கதை நிண்டிடும்” என்பா அம்மம்மா. ம் நின்றால் பிள்ளை நித்திரை என்று அர்த்தம், அல்லது பயந்துவிட்டது என்று அர்த்தம். ம் வருகிற வேகத்தைப் பார்த்துத்தான் அவ பேயைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும். வில்லிசையில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரே, கூத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார்களே, எல்லாம் இந்த ‘ம்’மின் அண்ணன் தம்பிமார்தான். சின்னமணியின் வில்லிசையைக் கோயில் வீதியில் விடிய விடிய இருந்து கேட்ட அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். பக்கப்பாட்டை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியும். மென்பொருளுக்கோ அது இரைச்சல். பிரதான குரல் எது என்று பார்த்து, மற்றதைக் களைந்துவிட்டது.

அடுத்தது எழுத்தாக்கம். ஒலியைக் கேட்டு எழுதும் செயலிக்கு அம்மம்மாவின் தமிழ் பெரும்பாலும் விளங்கியது. மெச்சத்தான் வேண்டும். ஆனால் ‘உது’ வந்த இடமெல்லாம் ‘இது’ என்றோ ‘அது’ என்றோ திருத்திவிட்டது. ‘உவன்’ காணாமல் போனான், ‘உங்கை’ காணாமல் போனது. பெரும்பாலான தமிழர் பேச்சில் வழக்கொழிந்துபோன உகரச்சுட்டு எங்கள் பேச்சில் இன்னும் வாழ்கிறது. இது எனக்குக் கிட்ட, அது இருவருக்கும் எட்ட, உது உனக்குக் கிட்ட. “உதிலை ஒரு பாம்பு வந்து நிண்டுதாம்” என்று அம்மம்மா சொன்னால் நாங்கள் காலைத் தூக்கிக்கொள்வோம். ஏனென்றால் பாம்பு நிற்பது எங்கள் காலடியில். கேட்பவர் முன்னால் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. இணையத்தில் உள்ள எழுத்தில் தமிழே ஒரு வீதத்திலும் மிகக் குறைவு. அதற்குள் யாழ்ப்பாணப் பேச்சு எத்தனை துளி இருக்கும்? செயலி தான் கேட்டறியாததைத் தனக்குத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டது. அதைக் குறைசொல்லிப் பயனில்லை. கொடுக்காதது நாங்கள்.

பிறகு மூன்றாவது கசெற்றின் முதல் பாதியை மட்டும் கொடுத்து, முடிவை நீயே எழுது என்றேன். அழகாக எழுதித் தந்தது. கணவன் அடித்தான். மனைவியின் நெற்றி வீங்கியது. கடைசியில் நினைவாற்றலின் முக்கியத்துவம் பற்றி இரண்டு வரி வேறு. அதில் பிழையொன்றும் இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அதிகம் பேர் சொன்னபடி சொல்வதுதான் அதன் பலம். எங்கோ ஒருத்தி ஒரு நாள் மாற்றிச் சொன்ன முடிவு அதற்குள் இருக்க வழியில்லை.

கடைசியாக ஒன்று செய்தேன். செய்திருக்கக்கூடாது என்று இப்போது படுகிறது. இன்றைய மென்பொருள்களுக்குச் சில செக்கன் குரல் போதும், அதே குரலில் எதையும் பேச வைக்கலாம். என்னிடம் ஒன்பது மணி நேரக் குரல் இருந்தது. இயந்திரம் எழுதிய கதையை அம்மம்மாவின் குரலில் சொல்லவைத்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சந்தோசப்படுவா என்றுதான் நினைத்தேன். அம்மா கடைசிவரை கேட்டா. பிறகு சொன்னா: “குரல் அம்மான்ரைதான். ஆனா அவ மூச்சு விடேல்லை. ஆருக்கடி சொல்லுறா?”

நான் அந்தக் கோப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

மெய்நிகர் காட்சி பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பிள்ளைகள் பக்கம் நிறையக் கைகள், எங்கள் பக்கம் மூன்று. தத்துவம் எளிது. இரண்டு கண்ணுக்கும் சற்றே வித்தியாசமான இரண்டு படங்கள். மூளை அவற்றைச் சேர்த்து ஆழம் காண்கிறது. தலை திரும்பினால் படமும் திரும்பவேண்டும். ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் சுணங்கினால் தலைசுற்றி வாந்தி வரும். அவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால், அந்த இடத்தில் இருக்கிறோம் என்று உடம்பே நம்பிவிடும்.

எங்கள் வீடு இப்போது இல்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது கிணறும் இரண்டு படியும் மிஞ்சியிருந்தன. அந்தத் தலைவாசலைத் திரும்பக் கட்டுவோம் என்று, படம் வரையும் செயற்கை நுண்ணறிவிடம் ‘யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு’ என்று கேட்டேன். கேரளத்து வீடொன்று வந்தது. மறுபடி கேட்டேன், வாசலில் பெரிய கோலத்தோடு தமிழ்நாட்டு வீடு வந்தது. கிடுகுவேலியும் சங்கடப்படலையும் அது கண்டிருக்கவில்லை. ஆகவே அம்மாவின் கல்யாண அல்பத்தில் இருந்த நாலு படங்களை வைத்து, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, நானே கட்டத் தொடங்கினேன்.

நான் எதிர்பார்க்காதது அங்கேதான் நடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா மேற்பார்வை செய்தா. “கிணத்துக்கட்டு இவ்வளவு உயரமில்லை. உதிலை துலா நிண்டது. துலாவிலை இருந்து உன்ரை மாமன் விழுந்த கதை தெரியுமே?” தெரியாது. எழுபத்தைந்து வயது அம்மா தன் வாழ்நாளில் எனக்குச் சொல்லாத கதைகள் அந்தப் பொய்க்கிணற்றடியில் வந்தன. தூணை நகர்த்தினால் ஒரு கதை. படலையின் நிறத்தை மாற்றினால் இன்னொரு கதை. வீடு அரைகுறையாக இருந்ததால்தான் அவ பேசினா என்று நினைக்கிறேன். முழுதாக, பிழையில்லாமல் கட்டி முடித்துக் காட்டியிருந்தால் “நல்லாயிருக்கு” என்று சொல்லிக் கழற்றி வைத்திருப்பா.

மரபை மீட்கிறோம் என்று தொடங்குபவர்களுக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கிச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. படித்தவர்கள் கூத்தைக் கண்ணெடுத்துப் பார்த்ததே அதனால்தான். அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் சுற்றி நின்று பார்த்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையாகியது. ஊர் பார்வையாளராகியது. பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் போன்றோர் சீலாமுனைக் கிராமத்தவரோடு சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்று வேலை செய்தபோது, ஆடுகிற ஊரே இருந்து பேசி, எதை மாற்றுவது எதை வைத்திருப்பது என்று முடிவெடுத்தது. மெய்நிகர் கண்ணாடி இன்னும் ஒரு படி தாண்டி, ஒவ்வொருவர் கண்ணையும் தனித்தனியே கட்டிவிடுகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்துத் தனிமை. அதனால் எங்களுக்கு இரண்டாவது வழிதான் வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் எங்கள் கல்லூரிக் கணினிக் கழகப் பிள்ளைகளிடம் இதைக் கொண்டுவந்தேன். வேலையெல்லாம் அவர்கள் செய்தது. அம்மம்மாவை உருவமாகச் செய்யவேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். தலைவாசல், இருட்டு, ஜாம் போத்தல் விளக்கு, சுவரில் ஒரு நிழல், கசெற்றில் இருந்த அதே குரல், அவ்வளவுதான். குரலில் ஒரு சொல்லும் புதிதாக உண்டாக்கவில்லை. அமெரிக்காவில் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் சாட்சியங்களை ஷோவா நிலையம் இப்படித்தான் செய்திருக்கிறது. ஒருவரிடம் ஆயிரத்தளவு கேள்விகள் கேட்டு, பதில்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் கேள்வி கேட்டால் பொருத்தமான பதிவைக் கணினி தேடி எடுத்துப் போடும். இயந்திரத்தின் வேலை தேடுவது மட்டுமே. அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதில்லை.

எங்கள் பிள்ளைகள் அதிலும் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். கதையை அம்மம்மா மூச்சுவிட்ட இடங்களில் எல்லாம் துண்டு துண்டாக வெட்டினார்கள். கண்ணாடி போட்டவர் ‘ம்’ சொன்னால்தான் அடுத்த துண்டு வரும். சொல்லாவிட்டால் வராது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், கசெற்றில் உண்மையாகவே இருந்த, “நித்திரையோ மோனை?” என்ற அவவின் கேள்வி வரும். முதல்நாள் பரீட்சித்துப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ம் சொல்ல மறந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நித்திரையோ மோனை?” என்று கேட்டதும், “இல்லை ஆச்சி!” என்று கத்திவிட்டாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்போடு வேறொன்றும் வந்தது.

இயந்திரம் எழுதும் கதையை அவர்கள் வீசிவிடவும் இல்லை. கொழுக்கட்டைக் கதையையும் இன்னும் சில கதைகளையும் அதனிடம் எழுதுவித்து, வீட்டுக்குக் கொண்டுபோய், “ஆச்சி, இது சரியோ?” என்று வாசித்துக் காட்டினார்கள். கதை சொல்லுங்கோ என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும் பிள்ளை” என்று மழுப்புகிற ஆச்சிமார், பிழையான கதையைக் கேட்டதும் பொறுக்கமாட்டாமல், “ஆர் உனக்குச் சொன்னது? அப்பிடியில்லை, இஞ்சை இரு” என்று தொடங்கிவிட்டார்கள். கைபேசி பதிந்துகொண்டிருந்தது. ஒரு தவணைக்குள் இருபதுக்கு மேற்பட்ட கதைகள். வடமராட்சிக் கொழுக்கட்டை வேறு, தீவகக் கொழுக்கட்டை வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. செயற்கை நுண்ணறிவை இதைவிட நல்ல வேலைக்கு யாரும் வைத்ததாக நான் அறியவில்லை.

இனி அந்தச் சிரிப்பு.

மூன்றாவது கசெற்றில் சிரித்தவ எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி. பின்னேரங்களில் பாயோடு வந்து இருந்து ஓலை பின்னிக்கொண்டு கதை கேட்பா. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அம்மம்மா ஏன் முடிவை மாற்றினா என்று அம்மாவிடம் நான் கேட்டது 2023இல். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: “அவளுக்கு வீட்டிலை அடி. அண்டைக்கும் முகம் வீங்கித்தான் வந்திருந்தவள். அவளை வைச்சுக்கொண்டு அந்தக் கதையை எப்பிடி மற்றமாதிரிச் சொல்லுறது?”

முப்பது வருடம் அந்தச் சங்கதி கசெற்றுக்குள் இருந்திருக்கிறது. மிதித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. துப்புரவாக்கும் மென்பொருள் அந்தச் சிரிப்பை இரைச்சலென்று துடைத்துவிட்டது, அதற்கும் தெரியாது.

இதைப் பிள்ளைகளின் காட்சியில் சேர்ப்பதா என்று எனக்குப் பெரிய தயக்கம். அந்தக் கதை உலகத்துக்குச் சொன்னதல்ல. ஒருத்திக்குச் சொன்னது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வானொலியை நடத்தும் ‘தே ஹிக்கு மீடியா’ 2018இல் பத்து நாளில் மக்களிடமிருந்து 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட குரற்பதிவுகளைத் திரட்டித் தங்கள் மொழிக்குத் தாங்களே கருவி செய்தார்கள். அந்தப் பதிவுகளைப் பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். தாங்கள் சொந்தக்காரரல்ல, காவலர் மட்டுமே என்பது அவர்கள் நிலைப்பாடு. எங்களிடம் பதினொரு கசெற்தான். ஆனாலும் காவல் காவல்தானே.

அன்ரி இப்போது உயிரோடு இல்லை. அவவின் மகளைத் தேடிப் பிடித்தேன். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பகுதியை, துப்புரவாக்காத மூலப்பதிவை, அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. வேண்டாத வேலை செய்துவிட்டேனோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவ எடுத்தா. இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டதாம்; தாயின் ஒரு படம் இருக்கிறது, குரல் எங்கும் இல்லை. “அம்மா இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்லை” என்றா. “பெயரைச் சொல்லாதையுங்கோ. ஆனா அந்தச் சிரிப்பை வெட்டாதையுங்கோ.”

அவவின் அனுமதியோடுதான் இங்கே இதைச் சொன்னேன். சிரிப்பு இருக்கிறது, டைனமோ இரைச்சலும் இருக்கிறது. கேட்க விரும்புபவர்களுக்குக் கணினி அறையில் கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறோம். ஒருவர் பார்க்கும்போது மற்றவர்களும் கேட்கக்கூடியதாக ஒலிபெருக்கியும் உண்டு. ம் சொல்ல மறக்கவேண்டாம்.

இன்னொரு விசயம். 2005 இலிருந்து நூலக நிறுவனத்தினர் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சங்கத்தின் பழைய மலர்களில் பல என் பெட்டியில் உண்டு. அவற்றை அவர்களிடம் கொடுக்கலாம் என்று செயற்குழு சம்மதித்திருக்கிறது. ஆனால் மலர்களில் அச்சாகாதது இந்த மண்டபத்தில் நிறைய இருக்கிறது. முன்வரிசையில் எண்பதைத் தாண்டிய அக்காமார் பதினாலு பேரை எண்ணினேன். விடுதியில் பேய் வந்த கதை, மேற்றன் அம்மாவை ஏமாற்றிப் படம் பார்க்கப் போன கதை, உங்கள் அம்மம்மா உங்களுக்குச் சொன்ன கதை, எதுவானாலும் சரி. நூலகத்துக்குப் பக்கத்து அறையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஒரு படிவமும் இருக்கிறது: குடும்பத்துக்கு மட்டுமா, கல்லூரிக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று மூன்று பெட்டிகள். நீங்கள்தான் அடையாளமிடவேண்டும், பின்னர் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

கருவி தன்பாட்டில் ஓடும். முன்னால் கதிரை போட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருப்பார்கள், ம் சொல்ல. தேநீருக்குப் பிறகு வாருங்கள்.